பெண்டிங்கில் ஹாஃபிஸா லாத்தா

எங்கள் குடும்பத்தில் 'இல்லை' என்ற சொல் புழக்கத்தில் கிடையாது. சொந்தக்காரர் யாராவது ஒன்று கேட்டால் 'பாக்கலாம்' என்போம், 'இன்ஷா அல்லாஹ்' என்போம், போனை எடுக்காமல் இருப்போம், மிஞ்சிப் போனால் ஊருக்குக் கிளம்பிப் போய்விடுவோம். முகத்துக்கு நேரே இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டோம். மேலப்பாளையத்திலிருந்து தாராவிக்கு வந்த என் தாத்தா இதையும் கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். விக்டோரியா டெர்மினஸிலேயே இறக்கி வைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ வேலை மிச்சமாகியிருக்கும்.

நான் பைசான். பாண்டூப்பில் ஒரு கம்பெனியில் வெப்சைட் செய்கிறேன். அதனால் வீட்டில் ஆதார் திருத்தம், ரயில் டிக்கெட், உம்மாவின் போனில் எழுத்து சிறுத்துவிட்டது, எல்லாமே என் தலையில்தான். போன வருஷம் என் அண்ணன் மனைவி ஃபர்ஸானா மதினிக்கும் ஒரு வெப்சைட் செய்து கொடுத்தேன். அண்ணன் இனாயத்துல்லாவை நாங்கள் காக்கா என்று கூப்பிடுவோம். காக்கா கீழே பட்டறையில் தோல் பை தைக்கிறார். மதினி மேலே மச்சில் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஆரி ஊசியால் கல்யாண பிளவுஸ்களில் பூவேலை செய்கிறாள். அதை வீடியோ எடுத்து வெப்சைட்டில் பாடமாகப் போடுவாள். டோம்பிவிலியிலிருந்து தூத்துக்குடிவரை பெண்கள் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

பார்ப்பவர்களில் எங்கள் அக்கா ஹாஃபிஸா லாத்தாவும் உண்டு. லாத்தா டிராம்பே பக்கம் சீத்தா கேம்ப்பில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள். மதினி புதிய டிசைன் போட்ட அடுத்த வாரமே அது சீத்தா கேம்ப்பில் லாத்தா கடை வாசலில் தொங்கும். கேட்பவர்களிடம் 'நம்ம டிசைன்தான்' என்று சொல்லிவிடுவாள். மதினி பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் சயான் மார்க்கெட்டில் ஒரு பெண் மதினியின் மயில் வேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது சீத்தா கேம்ப் ஹாஃபிஸாக்கா டிசைன்லா, அவங்களப் பாத்துப் போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். மதினி அன்று சாப்பிடவில்லை.

"மயிலு என்னோடது. மூணு மாசம் வரைஞ்சு வரைஞ்சு அழிச்சது நான்," என்றாள் காக்காவிடம்.

காக்கா நியாயஸ்தர். "ஒன் மயிலு வலது பக்கம் பாக்குது. லாத்தா மயிலு இடது பக்கம்லா பாக்குது," என்றார்.

அதற்குப் பிறகு காக்காவும் சாப்பிடவில்லை. யாரும் பரிமாறவில்லை.

இந்த வருஷக் கல்யாண சீசனுக்கு மதினி ஒரு புதிய டிசைன் வரிசையே செய்து வைத்திருந்தாள். அதைச் சந்தா கட்டிய மெம்பர்கள் மட்டும் பார்க்கிற மாதிரிப் பூட்டுப் போட வேண்டும் என்றாள். "இந்தத் தடவையும் என் டிசைனுக்கு நான் காப்பிக்காரின்னு பேரு வந்துச்சுன்னா, ஊசியத் தூக்கிப் போட்டுட்டுக் கீழ எறங்கி ஒங்க காக்கா பைக்கு ஜிப்பு வச்சுக்கிட்டுக் கெடப்பேன் தம்பி." மதினி விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பூட்டுப் போடுவதற்கு எத்தனையோ டூல்கள் இருக்கின்றன. நான் நாலைந்தைத் தேர்ந்தெடுத்து, எதில் என்ன வசதி, எதில் மாதாந்திரச் சந்தா தானாகப் பிடிக்கும், எது போனில் வேகமாகத் திறக்கும் என்றெல்லாம் ஆபீஸில் பெரிய கிளையன்டுக்குக் காட்டுகிற மாதிரி விளக்கினேன். மதினி வெங்காயம் அரிந்துகொண்டே பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"இதுல எதுல ஒங்க லாத்தா வர முடியாது?"

முதலில் இருப்பதிலேயே எளிதானதைப் போட்டோம். ஒரு பக்கம், அதற்கு ஒரு பாஸ்வேர்டு. சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் மதினி அதை அனுப்பினாள். மெம்பர் என்றால் ஒரு ஆள் என்று அந்த டூலைச் செய்தவன் நினைத்திருக்கிறான். எங்கள் பக்கத்து ஆண்டாப் ஹில்லில் மெம்பர் என்றால் ஒரு மாடி. ஒருத்தி சந்தா கட்டினால் அந்த மாடியே உட்கார்ந்து பார்க்கும். அதுகூடப் போகட்டும். இசக்கியம்மாள் என்ற மெம்பர் லாத்தாவை ஒரு வளைகாப்பில் பார்த்திருக்கிறாள். லாத்தா ஒன்றும் கேட்கவில்லை; வீடியோ திறக்க மாட்டேன் என்கிறது என்று பொதுவாக வருத்தப்பட்டிருக்கிறாள். "ஒங்க வீட்டுப் பாஸ்வேர்டு ஒங்களுக்கே தெரியாதாக்கா?" என்று இசக்கியம்மாள் பதறிப்போய்க் கையோடு எழுதிக் கொடுத்துவிட்டாள். சோதனைக்காகப் போட்டிருந்த ஒரு மாங்காய் டிசைன் மறு வாரமே சீத்தா கேம்ப்பில் தொங்கியது.

அடுத்தது ஓடிபி. போன் நம்பரைப் போட்டால் அந்த நம்பருக்கு ஓடிபி வரும், அதைப் போட்டால்தான் கதவு திறக்கும். "இதுல எந்த லாத்தாவும் வர முடியாது மதினி," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். எங்கள் வீட்டில் கேஸ், கரண்டு, பிள்ளைகளின் ஸ்கூல், வெப்சைட், எல்லாமே காக்காவின் நம்பரில்தான் இருக்கிறது. லாத்தா தன் நம்பரைப் போடவில்லை. தன் தம்பி காக்காவின் நம்பரைப் போட்டாள். ஓடிபி பட்டறைக்கு வந்தது. லாத்தா போன் செய்து கேட்டாள். காக்கா தோல் பைக்குக் கைப்பிடி தைத்துக்கொண்டே படித்துக் காட்டினார்.

"ஓடிபிய யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்குல எத்தன மெசேஜ் வருது. நீங்களே எல்லாருக்கும் புத்தி சொல்லுவீங்களே," என்றாள் மதினி.

"யாருக்கும்னா யாரோ எவரோன்னு அர்த்தம். லாத்தா எப்படி யாரோ ஆவா?" என்றார் காக்கா.

அந்த நம்பர் வெப்சைட் உரிமையாளரின் நம்பர். ஆகவே லாத்தா மெம்பராக நுழையவில்லை, முதலாளியாகவே நுழைந்துவிட்டாள். உள்ளே போனவள் ஏதோ ஒரு பட்டனை அழுத்தி, சீத்தா கேம்ப்பில் தன் பக்கத்து வீட்டு ஆபிதாவையும் மாடிவீட்டுப் பேராச்சியையும் இலவச மெம்பர்களாகச் சேர்த்துவிட்டாள். அவர்கள் இருவருக்கும் மதினியின் பெயரில் வரவேற்பு மடலும் போயிருந்தது.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. என் தொழிலே கேவலப்பட்டுப் போனதாகத் தோன்றியது. இருப்பதிலேயே கெட்டியான டூலைத் தேடிப் பிடித்தேன். அதில் சேர விரும்புகிறவர் விண்ணப்பிக்க வேண்டும். மதினி பார்த்து 'அனுமதி' அல்லது 'நிராகரி' என்ற பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தும்வரை விண்ணப்பம் பெண்டிங்கில் கிடக்கும். ஒரு ஆளுக்கு ஒரு போன்தான். உரிமையாளர் நம்பரை மதினியின் பெயரில் புதிய சிம் வாங்கி மாற்றினேன். காக்காவுக்கு அந்த நம்பரே சொல்லப்படவில்லை. புதிய வரிசையை வரும் வெள்ளிக்கிழமை ஏற்றுவதாக மதினி அறிவித்தாள்.

மறுநாள் வந்த முதல் விண்ணப்பமே லாத்தாவுடையது. சொந்தப் பெயரில், சொந்த நம்பரில், சிரித்த முகப் போட்டோவோடு. 'ஏன் சேர விரும்புகிறீர்கள்?' என்ற கேள்விக்கு 'சொந்தம்' என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதியிருந்தாள்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். அனுமதி கொடுத்தால் புதிய வரிசை மொத்தமும் சீசனுக்கு முன்பே சீத்தா கேம்ப்புக்குப் போய்விடும். நிராகரித்தால் லாத்தாவுக்கு உடனே ஒரு மெயில் போகும். மதினி விரலை நீட்டுவாள், எடுப்பாள். "நீ அழுத்து தம்பி," என்று போனை என்னிடம் நீட்டினாள். நான் பேட்டரி குறைவாக இருக்கிறது என்றேன். காக்காவிடம் நீட்டினாள். அவர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். காலை மணி பதினொன்று, எந்தத் தொழுகையும் இல்லாத நேரம். உம்மா மட்டும் தெளிவாக இருந்தாள். "கட்டிக் குடுத்த பொண்ணுக்குப் பொறந்த வீட்டுக் கதவ அடைக்கதா?" என்று கேட்டுவிட்டு தஸ்பீஹ் மணியை உருட்ட ஆரம்பித்தாள்.

மூன்றாவதாக ஒரு பட்டன் உண்டா என்று மதினி கேட்டாள். நானும் மானங்கெட்டுப் போய் அந்தக் கம்பெனிக்கே எழுதினேன். நிராகரிக்க வேண்டும், ஆனால் நிராகரிக்கப்பட்டது சம்பந்தப்பட்டவருக்குத் தெரியக் கூடாது, அதற்கு வழி இருக்கிறதா என்று. அப்படியொரு தேவை ஏன் வருகிறது என்று விளக்க முடியுமா எனப் பதில் வந்தது. அவனுக்கு நாத்தனார் கிடையாது போலிருக்கிறது.

வியாழக்கிழமை லாத்தாவே வந்துவிட்டாள். டிராம்பேயிலிருந்து பஸ் மாறி, கையில் ஒரு தூக்குச் சட்டி நிறைய இனிப்பு வட்டிலாப்பத்தோடு. உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். "ஏலே பைசான், அஞ்சாறு நாளா பெண்டிங் பெண்டிங்னே காட்டுது. நெட்டு கோளாறா?"

"சர்வர் கொஞ்சம் ஸ்லோ லாத்தா," என்றேன்.

மதினி டீ கொண்டுவந்து வைத்தாள். லாத்தாவை அவள் மைனி என்றுதான் கூப்பிடுவாள். "சர்வருல ஒண்ணும் இல்ல மைனி. நான்தான் அழுத்தாம வச்சிருக்கேன்," என்றாள்.

காக்கா பட்டறையிலிருந்து ஏறி வந்தவர் பாதி ஏணியிலேயே நின்றுவிட்டார்.

"என் டிசைன எடுத்து ஒங்க டிசைன்னு சொல்லுதீங்க. நான் ஒங்களப் பாத்துப் போடுதேன்னு ஊர்ல சொல்லுதாங்க. வேணும்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா மைனி?"

லாத்தா மறுப்பாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் டீ டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"எப்படிக் கேப்பேன்? கேட்டா ஒன்னால இல்லன்னு சொல்ல முடியாது. இஷ்டம் இல்லாமயே குடுப்ப. ஒரு வேள இல்லன்னு சொல்லிட்டன்னா, அப்புறம் இந்த ஏணியில நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு ஏறுவேன்? கேக்காம எடுத்தா ரெண்டு பேருக்கும் கஷ்டம் இல்லன்னு நெனச்சேன்."

எங்கள் குடும்பத்தில் வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பேன். லாத்தா உண்மையாகவே மதினிக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான் திருடியிருக்கிறாள். அதுவும் சும்மா இல்லை. அவளுக்கு இடது கை. மதினியின் வீடியோவை அப்படியே பார்த்தால் அவளுக்கு ஊசியின் ஓட்டம் பிடிபடாது. போனைப் பீரோக் கண்ணாடிக்கு எதிரே நிறுத்தி, கண்ணாடிக்குள் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறாள். கழுத்து வலிக்கு மூன்று எண்ணெய் மாற்றிவிட்டாளாம். மயில் அதனால்தான் திரும்பிக்கொண்டது.

மதினி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு லாத்தாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"சரி மைனி. இப்பக் கேளுங்க."

"என்னத்தக் கேக்க?"

"கேளுங்க."

லாத்தா எங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள். "புது வரிசைய எனக்குக் காட்டுவியா ஃபர்ஸானா?"

"இல்ல மைனி," என்றாள் மதினி.

உம்மாவின் கையில் தஸ்பீஹ் நின்றது. கண்ணெதிரே ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மதினி நிறுத்தவில்லை. "சீசன் முடியட்டும், காட்டுதேன். பழசெல்லாம் நீங்க எடுத்துக்கோங்க. என் பேரு மட்டும் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்." சொல்லிக்கொண்டே போனை எடுத்து, லாத்தா பார்க்க, நிராகரி என்ற பட்டனை அழுத்தினாள்.

லாத்தாவின் போன் டிங் என்றது. இங்கிலீஷ் என்று என்னிடம் நீட்டினாள். அதை வாசித்துச் சொல்கிற புண்ணியமும் எனக்குத்தான். "ஒங்க விண்ணப்பம் ஏத்துக்கப்படலையாம் லாத்தா. ஒங்க ஆர்வத்துக்கு நன்றியாம்."

லாத்தாவுக்குக் கண் சிவந்துவிட்டது. வலித்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. தூக்குச் சட்டியைத் திறந்து எல்லாருக்கும் வட்டிலாப்பம் வைத்தாள், மதினிக்குக் கடைசியில் வைத்தாள், கொஞ்சம் குறைவாகத்தான் வைத்தாள். மதினி அதைச் சுத்தமாகச் சாப்பிட்டாள். லாத்தா போகும்போது காக்கா பஸ் ஸ்டாப்வரை கூடவே போனார்.

வெள்ளிக்கிழமை புதிய வரிசை ஏறியது. சீத்தா கேம்ப்பில் எதுவும் தொங்கவில்லை. லாத்தாவிடமிருந்து போனும் இல்லை. நோன்புப் பெருநாள் வந்து போகட்டும், பார்க்கலாம் என்று உம்மா பெருமூச்சு விட்டாள். மதினி தன் வேலையைப் பார்த்தாள், ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் சட்டத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

அதே மாதம் செம்பூரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். நாங்கள் போனபோது லாத்தா முதலிலேயே வந்து பெண்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தாள். மதினி இரண்டு வரிசை தள்ளி, லாத்தாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பிரியாணி நிறைந்த பெரிய சகன் தட்டுகளைச் சுமந்துகொண்டு நான் நடுவில் நின்றேன். லாத்தாவின் பிளவுஸில் முதுகில் அந்த மயில் இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு மாமி அதைத் தொட்டுத் தடவி, யார் வேலை என்று கேட்டாள்.

"வேலை என்னோடது. டிசைனு என் தம்பி பொண்டாட்டி ஃபர்ஸானாது," என்றாள் லாத்தா, பந்தி முழுக்கக் கேட்கிற குரலில். "இது பழசு. புதுசு ஒண்ணு போட்டிருக்கா பாருங்க, அது அவ்வளவு ஒசத்தி. எனக்கே இல்லன்னுட்டா."

மாமி வாயைப் பிளந்தாள். "சொந்த நாத்தனாருக்கேவா?"

"மொகத்துக்கு நேர சொன்னா. மெயிலும் போட்டா," என்று லாத்தா பர்ஸிலிருந்து போனை எடுத்து அந்த மெயிலைக் காட்டினாள். போன் கைமாறிக் கைமாறிப் பந்தி முழுக்கப் போனது. இந்த ஃபர்ஸானா யார் என்று தலைகள் திரும்பித் தேடின. மதினி பிளேட்டைப் பார்த்தபடியே அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். நான் சகனை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன்.