செத்த ராணி தும்மக் கூடாது

தும்மல் வந்தால் தும்மிவிட்டுப் போகவேண்டியதுதானே, இதற்கெல்லாமா ஒருத்தி பழிவாங்குவாள் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். அவர்களில் ஒருவராவது நிறைந்த அரங்கில் செத்துக் கிடக்கும்போது தும்மியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

அந்த நாடகக் குழுவில் அவளை எல்லோரும் ராணி என்றுதான் கூப்பிட்டார்கள். அது அவள் பெயரல்ல, வேஷம். மருமகளாக வந்த நாளிலிருந்து ராணி வேஷம் அவளுடையதுதான். மாமனார் ராஜா. நாடகம் எழுதுவதும் அவர், இயக்குவதும் அவர், சத்தம் போடுவதும் அவர். அவள் கணவன் விளக்குகளைப் பார்த்துக்கொள்கிறவன். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவான். அவனுடைய தங்கைக்கு நாற்பது நெருங்கிவிட்டது, ஆனாலும் வீட்டில் இன்னமும் பாப்பாதான். பாப்பாவுக்குத் தோழி வேஷம். கடைசிக் காட்சியில் ராணி விஷம் குடித்துச் செத்துப்போவாள், தோழி அவள் நெஞ்சில் மலர்வளையம் வைப்பாள், ராஜா புலம்புவார். மாமனாருக்குப் புலம்பல் என்றால் உயிர். ஆரம்பித்தால் லேசில் முடிக்கமாட்டார்.

வருஷா வருஷம் அந்த நாடகம் மேடையேறுவது தெருவோர மரங்கள் பூக்கிற பருவத்தில். நிறுத்தி வைத்த கார்கள்மேல் மஞ்சள் மஞ்சளாகத் தூள் படியும். ஊருக்கே அழகு, ராணிக்கு மட்டும் நரகம். மகரந்தம் ஆகாத மூக்கு அவளுக்கு. அதனால்தான் மலர்வளையத்தில் காகிதப் பூ. அதைச் செய்கிற பொறுப்பு பாப்பாவுடையது.

போன வருஷம் அந்த வளையம் நெஞ்சில் வந்து உட்கார்ந்ததுதான் தாமதம், மூக்கின் உள்ளே எறும்பு ஊர ஆரம்பித்தது. ராணி பல்லைக் கடித்தாள், மூச்சை அடக்கினாள், தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள். "கண்ணே, ஒரு சொல் பேசமாட்டாயா?" என்று ராஜா கதறிய அதே நொடியில் பிணம் தும்மியது. அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. யாரோ படம் பிடித்து ஊர் முழுக்கக் கைபேசியில் அனுப்பினார்கள். மறுநாள் ரொட்டிக்கடைக்காரர்கூட, "அம்மா, உயிர் வந்துடுச்சா?" என்று கேட்டார்.

அதோடு போச்சு. கிரீடம் பாப்பா தலைக்குப் போனது. ராணி தோழியானாள். உடுப்புகளுக்கு இஸ்திரி போடுவதும் அவள் தலையில் விழுந்தது. ராணி என்ற பேர் தும்மல் ராணி ஆனது. எல்லாவற்றையும் அவள் தாங்கிக்கொண்டாள், தப்பு தன் மூக்கின்மேல்தான் என்று நம்பியிருந்ததால்.

இந்த வருஷ ஒத்திகைக்காகச் சாமான் பெட்டியைத் திறந்து, போன வருஷ மலர்வளையத்தின் கசங்கிய காகிதப் பூக்களை நீவிவிடும்போதுதான் அது கையில் அகப்பட்டது. காகித இதழ்களுக்கு அடியில், காய்ந்து சருகான நிஜப் பூங்கொத்து. தெருமரத்துப் பூ. ஒன்றல்ல, வளையம் சுற்றிலும் ஒளித்துக் கட்டியிருந்தது. கட்டியிருந்த ஊதா நூல் யாருடைய தையல் கூடையில் இருக்கும் என்று அந்த வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அடிப்பாவி! கூட உட்கார்ந்து சாப்பிட்டவள்!

கணவனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவன் பூவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வழக்கம்போலத் தலையாட்டினான்.

"விடும்மா. பாப்பா ஏதோ விளையாட்டுக்குப் பண்ணியிருப்பா. அப்பா காதுல போட்டு இதைப் பெரிசாக்காதே."

"விளையாட்டா? நான் வெளியில தலைகாட்ட முடியலைங்க!"

"சரி, சரி. உனக்கும் மூக்கு அப்படித்தானே?"

அந்தக் கேள்விக்கு அப்புறம் அவள் அவனிடம் எதையும் சொல்லவில்லை. அழுது தீர்த்தால் கோபம் கரைந்துவிடும் என்று அழவும் இல்லை. பாப்பா செத்துக் கிடக்கும்போது தும்மவேண்டும். அதே மேடை, அதே புலம்பல், அதே சிரிப்பு. அதைக் கண்ணால் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

முதலில் தன் மூக்கைச் சரிசெய்ய மூக்கு டாக்டரம்மாவிடம் போனாள். அழுகிற தோழிக்கும் தும்மல் ஆகாதே. மாத்திரை போட்டால் தூக்கம் தள்ளுகிறது, தொண்டை காய்ந்து குரல் கட்டுகிறது, வேறு வழி இல்லையா என்று கேட்டாள்.

"இருக்கு, ஆனா சோம்பேறிக்கு ஆகாது," என்றார் டாக்டரம்மா. "காத்தடிக்கிற நேரம் ஜன்னலைத் திறக்காதீங்க. வெளியில போனா முகக்கவசம். வீட்டுக்கு வந்ததும் தலையோட குளிச்சு உடுப்பை மாத்துங்க. துணியை வெளியில காயப்போடாதீங்க, தலையணை உறையை வெந்நீர்ல அலசுங்க. கொதிக்கவச்சு ஆறின தண்ணியில அளவா உப்பு கலந்து மூக்கைக் கழுவுங்க. குழாய்த் தண்ணியை அப்படியே ஊத்திடாதீங்க."

"தேன் சாப்பிட்டா போயிடும்கிறாங்களே?"

"தாராளமா ரொட்டியில தடவிச் சாப்பிடுங்க, நல்லா இருக்கும். மூக்குக்கு அது தெரியாது. ஆனா மூச்சு வாங்குச்சுன்னா இந்தக் கைவைத்தியத்தையெல்லாம் ஓரங்கட்டிட்டு நேரா இங்க ஓடி வரணும், சொல்லிட்டேன்."

சொன்னதையெல்லாம் ராணி ஒன்று விடாமல் செய்தாள். முதல் தடவை உப்புத்தண்ணீர் ஒரு மூக்கில் போய் மறு மூக்கில் வந்தபோது செத்தேன் என்று நினைத்தாள். போகப் போகப் பழகிவிட்டது. மெல்ல மெல்ல மூக்கு திறந்தது. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் பூக்கிற பருவத்தில் குளியல் சோப்பின் வாசனை தெரிந்தது. குளியலறையில் நின்று அந்தச் சோப்பை முகர்ந்து முகர்ந்து சிரித்தாள்.

ஆனால் வெளியே வந்ததும் தும்மினாள். மேஜையில் தும்மினாள், ஒத்திகையில் தும்மினாள், கைக்குட்டையும் கையுமாக அலைந்தாள். மூக்கு தேறியது யாருக்கும் தெரியக்கூடாது. நடிக்கத் தெரிந்தவளுக்கு இது ஒரு வேலையா? பாப்பா கிரீடத்தைச் சரிசெய்துகொண்டே, "ஐயோ பாவம் அண்ணி, உங்களுக்கு மட்டும் ஏன்தான் இப்படியோ!" என்று உச்சுக்கொட்டினாள்.

இனி பாப்பாவைத் தும்மவைக்கிற வழி. தெருமரத்துப் பூவைப் பறித்து ஒரு தகர டப்பாவில் அடைத்து வைத்துக்கூடப் பார்த்தாள் ராணி. என்ன பிரயோஜனம்? பாப்பா பூவைக் கொத்தாக அள்ளி முகத்தில் தேய்த்துக்கொண்டாலும் ஒன்றும் ஆகாத ஜன்மம். பூவைக் குப்பையில் கொட்டிவிட்டு டப்பாவில் கைக்குட்டையை வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் ஒத்திகை இடைவேளையில் அந்த டப்பாவைப் பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து திறந்தாள். பாப்பா சட்டென்று நகர்ந்தாள்.

"என்ன அண்ணி அது?"

"ஒண்ணுமில்லையே."

பாப்பாவின் கை தானாக மூக்குக்குப் போனது. ஒரு தடவை தேய்த்தாள். இன்னொரு தடவை தேய்த்தாள். ராணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். செய்தவளுக்குத்தானே பயம் இருக்கும்! தனக்குத் தேவையான பூ பாப்பாவின் மண்டைக்குள் ஏற்கெனவே இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து விதைக்க ஆரம்பித்தாள். "பாப்பா, உன் கண்ணோரம் ஏன் சிவந்திருக்கு?" என்றாள். பாப்பா கண்ணாடிக்கு ஓடினாள். "எந்த வயசுலயும் திடீர்னு வருமாம், டாக்டரம்மாவே சொன்னாங்க," என்றாள். டாக்டரம்மா உண்மையாகவே அப்படிச் சொல்லியிருந்தார். "மொதல்ல மூக்குக்குள்ள எறும்பு ஊரும். எனக்கு அப்படித்தான் ஆரம்பிச்சது." ஒரு வாரத்துக்குள் பாப்பா தன் அறை ஜன்னல்களை இழுத்துச் சாத்தினாள், துணியை உள்ளே காயப்போட்டாள். மாமனார், "வீட்டுல ஒரு மூக்கு போதாதா?" என்று சத்தம் போட்டார்.

நாடக நாள் வந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. போன வருஷத் தும்மலைக் கேள்விப்பட்டு வந்த கூட்டம் பாதி. பாப்பா விஷம் குடித்தாள், தள்ளாடினாள், நன்றாகவே செத்தாள். ராணி தோழி வேஷத்தில் மலர்வளையத்தோடு வந்து மண்டியிட்டாள். அதை நெஞ்சில் வைக்கும்போது, அழுகிறவள்போல அவள் காதருகே குனிந்தாள்.

"பாப்பா, இது நிஜப் பூ. போன வருஷம் ஊதா நூல்ல நீ கட்டுனியே, அதே மாதிரி கட்டியிருக்கேன்."

மூடிய இமைகள் துடித்தன. ராணி எழுந்து நாலடி பின்னால் போய் நின்றாள். ராஜா புலம்ப ஆரம்பித்தார். எப்போது முடிப்பார் என்று வருஷா வருஷம் அலுத்துக்கொண்டவள், இன்றைக்கு நீங்கள் நிறுத்தவே கூடாது மாமா என்று மனசுக்குள் வேண்டினாள். பாப்பாவின் மூக்குநுனி ஒருமுறை அசைந்தது. உதடு கோணியது. நெஞ்சில் இருந்த வளையம் ஏறியது, நின்றது.

"கண்ணே, ஒரு சொல் பேசமாட்டாயா?"

பிணம் தும்மியது. ஒன்றல்ல, அடுக்கடுக்காக. கிரீடம் கழன்று உருண்டு போய் முன்வரிசைக்காரர் காலடியில் விழுந்தது. கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. ராணி தலைத்துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். தோழி என்னமாய் அழுகிறாள் என்று ஓரிருவர் மெச்சிக்கொண்டார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் இனித்தது. இதை மறைப்பானேன்?

திரை விழுந்ததும் ஒப்பனை அறையில் பாப்பா கத்தினாள். "அப்பா! அண்ணி வேணும்னே நிஜப் பூவை வச்சுட்டாங்க! பாருங்க!"

மாமனார் வளையத்தை வாங்கி நார் நாராகக் கிழித்துப் பார்த்தார். காகிதம். உள்ளேயும் காகிதம். கம்பி வரைக்கும் காகிதம்தான்.

"காகிதப் பூவை யாராவது நிஜப் பூன்னு நினைப்பாங்களா? எப்படி உனக்கு அது தோணுச்சு?"

"அவங்கதான் காதுல சொன்னாங்க, போன வருஷம் நான் கட்டுன மாதிரியே..." பாப்பா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கணவன் கையிலிருந்த விளக்குக் கம்பியைச் சுருட்டி, அவிழ்த்து, மறுபடி சுருட்டினான். மாமனார் மகளைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். நசுங்கிய கிரீடத்தைத் துடைத்து ராணியின் முன்னால் வைத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் எழுதுகிற வசனத்தில் மட்டும்தான் வரும். அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலை ராணி அடுப்படியில் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். பாப்பா வாசல்படியில் வந்து நின்றாள். மூக்கு தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தது, குரல் இறங்கியிருந்தது.

"அண்ணி, நான் பண்ணது தப்புதான். ஆனா காகிதப் பூவுக்கே இப்படி வருதுன்னா எனக்கு நல்லா முத்திப்போச்சுபோல. அந்த உப்புத்தண்ணி எனக்கும் கொஞ்சம் கலந்து குடுங்களேன்."

ராணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். உனக்கு ஒரு நோயும் இல்லை, போய் ஜன்னலைத் திற என்று சொல்ல ஒரு வாய் போதும். தண்ணீரை ஆறவைத்து, அளவாக உப்பைப் போட்டுக் கலக்கி அவள் கையில் கொடுத்தாள்.

"தலையைச் சாய்ச்சு, இந்த மூக்குல ஊத்தி அந்த மூக்குல விடு. எரிஞ்சா பொறுத்துக்கோ."

"தினமும் பண்ணணுமா அண்ணி?"

"தினமும்."

"எதுவரைக்கும்?"

ராணி சோப்பு மணக்கிற தன் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."