முழங்கை அளந்த சூடு

“தண்ணிக்குக் காய்ச்சலாம்மா?”

மகள் நாலு வயதில் கேட்ட கேள்வி. குளியலறைத் தொட்டியில் வெப்பமானியை நிறுத்திவிட்டு அம்மா காவல் இருப்பதைப் பார்த்துக் கேட்டாள்.

“ஆமாடி, முப்பத்தெட்டு டிகிரி. ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது” என்று அன்று அம்மா சிரித்தாள். இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அம்மா சிரித்து ஒரு மாதமாகிறது.

வீட்டிலேயே கலர் ஃபிலிம் கழுவிக் கொடுப்பது அவள் தொழில். தொட்டி நிறைய வெந்நீர், அதில் கழுத்தளவு மூழ்கி நிற்கும் மருந்து பாட்டில்கள், நீரைச் சூடாக்க ஒரு ஹீட்டர் கம்பி. போன மாதம் வரிசையாக மூன்று ரோல் கெட்டுப்போயின. படங்களில் முகமெல்லாம் செங்கல் நிறம். “இதுவும் கெட்டுச்சுன்னா இனி இந்தப் பக்கம் வராதீங்க” என்று சொல்லித்தான் ஸ்டூடியோக்காரர் நாலாவது ரோலைக் கொடுத்திருந்தார்.

வெப்பமானி முப்பத்தெட்டைக் காட்டியதும் கம்பியை எடுத்துவிட்டு, ஃபிலிமை வெளிச்சம் புகாத டப்பாவின் சுருளில் ஏற்ற இருட்டறைக்குள் போனாள். அது சிக்கிக்கொண்டு அரை மணி நேரம் உயிரை வாங்கியது. வெளியே வந்தால் தொட்டியருகே நாத்தனார். தோளில் துண்டு, கையில் குவளை, முழங்கையில் ஈரம். வெப்பமானியில் முப்பத்தைந்து.

“என்ன அண்ணி பண்ணி வச்சிருக்கீங்க?”

“சூடு அதிகமா இருந்துச்சு. நாலஞ்சு குவளை பச்சத் தண்ணி விட்டேன்.”

“உங்கள யாரு கேட்டா? என் வயித்துல அடிக்கணும்னே காத்துக்கிட்டு இருந்தீங்களா?”

“நீதானே முப்பத்தெட்டுன்னு சொல்லுவ. அது முப்பத்தெட்டு இல்லம்மா. பிள்ளைய விட்டிருந்தா வீறிட்டிருக்கும்.”

நாத்தனார் பிரசவ ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறவள்.

“ஆமா, உங்க முழங்கையில கோடு போட்டு நம்பர் எழுதியிருக்கு! நாலு பிள்ளையக் கழுவிவிட்டா பெரிய விஞ்ஞானியா? அங்க போய்க் காட்டுங்க உங்க வித்தையெல்லாம்!”

நாத்தனார் குவளையைக் கவிழ்த்து வைத்தாள். குளிக்காமலே வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

இவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லிவிட்டாவது போயிருக்கக் கூடாதா? சாயங்காலம் வரட்டும், முகத்துக்கு நேரே நிரூபித்துக் காட்டுகிறேன் என்று, பெட்டியிலிருந்து காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்துவந்து தொட்டியில் முக்கினாள்.

முப்பத்தெட்டு.

உதறிவிட்டு மறுபடி முக்கினாள். அதே முப்பத்தெட்டு. பொய் சொல்வது எது? காய்ச்சல் தெர்மாமீட்டரைத் தன் அக்குளில் வைத்தாள். நல்ல உடம்புக்கு உள்ளது சரியாக வந்தது. தொழில் வெப்பமானியை வைத்தாள். முப்பத்துநாலைத் தாண்டவில்லை. அதன் கணக்குப்படி இந்நேரம் அவளுக்கு ஒப்பாரி வைத்திருக்க வேண்டும்.

போன மாதம் அது கைதவறி விழுந்ததும், உடையவில்லையே என்று துடைத்து வைத்ததும் நினைவுக்கு வந்தன. மூன்று டிகிரி குறைத்துக் காட்டியிருக்கிறது. அதை நம்பி மூன்று ரோலையும் அவளேதான் வேகவைத்திருக்கிறாள். மூன்று முறையும் “நீங்க கதவத் திறந்ததுல சூடு போச்சு” என்று நாத்தனாரைத் திட்டியும் இருக்கிறாள்.

கோபம் போகவில்லை. ஆள்தான் மாறியது.

கம்பியைத் தொடாமல், இருந்த சூட்டிலேயே ஃபிலிமைக் கழுவினாள். உலர்த்தத் தொங்கவிட்டு வெளிச்சத்தில் பார்த்தபோது ஒரு குறை இல்லை. கடவுள் தன் கருணையை எந்தக் குவளையில் மொண்டு ஊற்றுவார் என்று யாருக்கும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தட்டிவிடாமல் இருந்தால் போதும். அவளோ தட்டிவிடத்தான் பார்த்தாள்.

வீட்டில் ஹீட்டர் கம்பி ஒன்றுதான். ஃபிலிம் கழுவும் நாட்களில் நாத்தனார் மூட்டுவலியை வைத்துக்கொண்டு பச்சைத் தண்ணீரில்தான் குளித்துக்கொண்டிருந்தாள். அது இத்தனை நாளாக இவள் கண்ணில் படவே இல்லை.

நாத்தனார் திரும்பும் நேரத்துக்குச் சற்று முன்பு தொட்டியை ஓரங்கட்டி, வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக் கம்பியைப் போட்டாள். சூடேறியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தன் முழங்கையை நீரில் வைத்துப் பார்த்தாள். அதற்கு ஒன்றும் புரியவில்லை. ஆற விட்டு, காய்ச்சல் தெர்மாமீட்டரை உதறி உதறி முக்கி, முப்பத்தெட்டு வந்ததும் வாளியைத் தட்டால் மூடினாள். மேலே துவைத்த துண்டு ஒன்றை மடித்து வைத்தாள்.

பிறகு மகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். அண்ணி வந்து குளித்து முடிக்கட்டும், இன்று சுற்று வழியாகவே போய்வரலாம் என்று நினைத்தபடி, ஆளில்லாத வீட்டின் கதவைச் சாத்தினாள்.