மேலே போகாத கை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது ஒட்டுக்கேட்ட கதை. அறிவியல் இதழ் நடத்தும் நண்பர் ஒருவர், செல்களுக்கு இடையில் இருக்கும் வலையைப் பற்றி ஒரு கதை வேண்டும் என்று மூன்று மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். வலையைப் பற்றி என்ன கதை எழுத? ஒருநாள் கழுத்து வலியோடு மார்த்தாண்டத்தில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் குப்புறப் படுத்திருந்தேன். பச்சைத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் பேசினார்கள். ஒன்று வயதான குரல், மற்றது இளைய குரல். முகங்களைப் பார்க்கவில்லை. பெயர்கள் நான் வைத்தவை. (கேட்காத இடங்களை இட்டு நிரப்பியிருக்கிறேன். எங்கெங்கே என்று சொல்ல மாட்டேன்.)

2

தொடக்கங்கள்.

மனித உடம்பில் பல லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. அவற்றைத் தாங்கி நிற்கும் வலையில்… வேண்டாம். வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. முத்துநாயகம்… அன்று மழையே இல்லை.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் முத்துநாயகத்தால் தலைப்பாகை கட்ட முடியவில்லை. இது போதும்.

3

முத்துநாயகத்துக்கு இரணியல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஹார்டுவேர்ஸ் கடை. வயது அறுபத்தொன்று. சர்க்கரை வந்து இருபது வருடம். அய்யாவழிக்காரர், ஞாயிறு தவறாமல் தங்கள் வழிபாட்டு இடமான நிழல் தாங்கலுக்குப் போவார். அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போக வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்குக் கட்டிவிடுவதே அவர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை துணியைப் பிடித்த வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை.

யாரையாவது கட்டிவிடச் சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் கட்டிவிட்டவர் யாரிடம் போய்த் தலையை நீட்டுவார்? வீட்டில் சொன்னால், மனைவி அன்னக்கிளி சர்க்கரையைக் காரணம் காட்டி, மிச்சமிருக்கும் ஒரு இனிப்பு டீயையும் பிடுங்கிவிடுவாள் என்ற பயம் வேறு. மேலுக்குச் சுகமில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறும் அப்படியே. எட்டு மாதம் இப்படியே ஓடியது.

(இந்த மனிதர்மேல் எனக்கே சந்தேகம் வந்தது. இதைப்போய் எட்டு மாதம் ஒருவர் மறைப்பாரா? பிறகு, என் கழுத்து வலியை வீட்டில் எப்போது சொன்னேன் என்று யோசித்துப் பார்த்து, சந்தேகத்தை விட்டுவிட்டேன்.)

வினை எங்கே வந்தது என்றால், அந்த முதல் ஞாயிறுக்கு முந்தின வாரம்தான் ஒரே மகள் அஞ்சலி, தான் விரும்பிய பிரபினைக் கட்டியிருந்தாள். பிரபின் கிறிஸ்தவன், மார்த்தாண்டத்தில் பிசியோதெரபிஸ்ட். கல்யாணத்தில் முத்துநாயகம் அதிகம் பேசவில்லை. அவர் எந்தக் கல்யாணத்திலும் பேசுகிறவர் இல்லை. அப்பா தாங்கலுக்கே போவதில்லை என்று அன்னக்கிளி போனில் சொன்னதும் அஞ்சலி முடிவுகட்டிவிட்டாள்: தன்னால்தான் அப்பாவுக்கு அங்கே முகம் காட்ட முடியவில்லை. வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள். அவள் வராததைப் பார்த்து, மகள் நம்மை மறந்துவிட்டாள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

4

நண்பருக்காக ஓர் அடிக்குறிப்பு, கதை நடுவிலேயே. செல்கள் சும்மா மிதப்பதில்லை. தங்களைச் சுற்றிக் கொலாஜன் முதலிய நார்களால் ஒரு வலையை நெய்து அதில் குடியிருக்கின்றன. எப்போது வளர, எப்போது ஓய, எப்படிப் புண்ணை மூட என்றெல்லாம் அந்த வலையும் செல்களுக்குச் சொல்கிறது. தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை பெரும்பாலும் இந்த வலைதான். சிலருக்கு, குறிப்பாகச் சர்க்கரைக்காரர்களுக்கு, காரணம் சரிவரத் தெரியாமலே செல்கள் நாரை நெய்துகொண்டே போகும். உறை தடித்துச் சுருங்கும். வலை இறுகியதை உணர்ந்த செல்கள் இன்னும் நெய்யும். கை பாதியில் நின்றுவிடும். இதில் யாரும் கெட்டவர் இல்லை. காப்பாற்றுகிற வேலையைத்தான் அளவு தெரியாமல் செய்கின்றன.

மனிதர்களுக்கு நடுவிலும் இப்படித்தான்… [இந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். உங்களுக்குத் தெரியாதா?]

5

ஒரு மதியம் அன்னக்கிளி சோறு கொண்டு கடைக்குப் போனாள். வந்திருந்தவர் அரை லிட்டர் வார்னிஷ் கேட்டார். ஸ்டாக் இல்லை என்றார் முத்துநாயகம். மேல்தட்டில் வார்னிஷ் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. எட்டு மாதமாகவே அந்தக் கடையில் மேல்தட்டுச் சாமான் எதுவும் ஸ்டாக் இல்லை.

"கைய மேல தூக்குங்க, பாப்பம்" என்றாள் அவள். கை தோளோடு நின்றது. அவள் திட்டவில்லை, அழுதாள். மறுநாள் அவரை மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். வேறு எந்த ஆஸ்பத்திரிக்கும் விடவில்லை.

இனி நான் கேட்டது. பிரபின் அவர் கையைப் பிடித்து மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டிருந்தான். வலித்தால் சொல்லச் சொன்னான். எப்போதிருந்து என்று கேட்டான். தை மாதம் என்றார்.

"எங்க கல்யாணத்துக்குப் பொறவா, மாமா?"

"அதுக்கு அடுத்த ஞாயிறு. தலைப்பாவு கெட்டப் போனேன், கை வரல்ல."

பிரபின் அவர் கையை மெல்ல இறக்கி வைத்தான். பிறகு, அஞ்சலி எட்டு மாதமாக எதை நினைத்து அழுகிறாள் என்பதைச் சொன்னான்.

கட்டில் கிறீச்சிட்டது. எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அவ ஒன்னக் கெட்டினத நான் ஒருநாளும் கொறச்சலா நெனச்சதில்ல மக்கா. எனக்க கைதான் மேல போவல்ல."

பெற்ற பிள்ளையை அழைக்கும் சொல் அது. அதுவரை அவர் மருமகனை எதுவும் சொல்லி அழைக்கவில்லை. (இதை நான் இட்டுக்கட்டவில்லை.)

6

முடிவுகள்.

முதலாவது: அடுத்த ஞாயிறு, தாங்கல் வாசலில், அஞ்சலி பார்த்து நிற்க, பிரபின் மாமனாருக்குத் தலைப்பாகை கட்டிவிடுகிறான். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே நம்பவில்லை.

இரண்டாவது: கை முழுக்க மேலே போகிறது. பொய். இந்த இறுக்கம் விட ஒன்றிரண்டு வருடம் ஆகும். தினமும் சுவரில் விரல்களைப் படிப்படியாக மேலே ஏற்றிப் பழக வேண்டும். சிலருக்கு முழுதாக விடுவதும் இல்லை.

மூன்றாவது நடந்தது. என் கழுத்து மெஷின் நேரம் முடிந்து கூவியது. சட்டைப் பொத்தான்களை வேண்டுமென்றே மெதுவாகப் போட்டேன். அந்தப் பக்கம் பிரபின் போனை ஸ்பீக்கரில் போட்டான். நாலைந்து முறை மணி அடித்தது.

"சாப்பிட்டியளா?" என்றது ஒரு பெண் குரல், புருஷன் என்று நினைத்து.

"நாந்தான் மக்கா" என்றார் அவர்.

இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் எல்லாம் கேட்டிருக்கும். கேட்டிருந்தால் எழுதிவிடுவேன், என் பிழைப்பு அது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டேன். நீங்கள் வேண்டுமானால் நின்று கேளுங்கள். கேட்டதை என்னிடம் சொல்ல வேண்டாம்.