மாலைச் சவாரி

அமரர் ஊர்தி ஓட்டுகிறவர்களைப் போக்குவரத்துப் போலீஸ் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. வழி காட்டுவதற்காக இறந்தவரின் உறவுக்காரர் யாராவது முன்னால் காரில் போவார். விளக்கு சிவப்பாக மாறினாலும் அந்தக் காரை விட்டுவிடாமல் ஒட்டிக்கொண்டே போவது தொழில் பழக்கம். விட்டுவிட்டால், பின்னால் வருகிற அத்தனை வண்டிகளும் சேர்ந்து வழி தப்பி, வேறு யாருடைய சாவிலோ போய் நின்று அழ வேண்டியிருக்கும். பல வருடமாக அமரர் ஊர்தி ஓட்டிவந்த அவருடைய காலும் அப்படியே பழகிப் போயிருந்தது. ஒரு மதியம், மயானத்தில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போதும் அந்தக் கால் சிவப்பு விளக்குக்கு நிற்கவில்லை.

போலீஸ்காரர் சின்ன வயசு. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, பின்பக்கக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

“உள்ள யாரு?”

“யாரும் இல்ல சார். இறக்கிவிட்டாச்சு.”

“அப்புறம் யாருக்கு அவசரம்? உங்களுக்கா?”

போலீஸ்காரர் சீட்டு எழுதினார். கெடுவுக்குள் அபராதத்தைக் கட்ட வேண்டும். இல்லையென்றால் குறித்த தேதியில் கோர்ட்டுக்கு வந்து காரணம் சொல்ல வேண்டும். அவர் சீட்டை வாங்கி மடித்து, ஸ்டீயரிங்குக்கு மேலே இருந்த வெயில் மறைப்பில் செருகினார்.

வேறு யாராக இருந்தாலும் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். அவர் வீட்டில் அது நடக்காது. அந்த வண்டியில் இருந்த எதுவும் வாசல்படியைத் தாண்டக் கூடாது, ஒரு துண்டுக் காகிதம்கூட. அது அவர் மனைவி போட்ட சட்டம். சட்டையைப் பின்பக்கக் குழாயடியிலேயே கழற்றி நனைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அவர்களுடைய ஒரே மகன் மற்றப் பிள்ளைகளைப் போலப் பேசப் போவதில்லை என்று டாக்டர் சொன்ன வாரத்தில் வந்த சட்டம் அது. அவள் காரணம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று அவருக்குப் பயம்.

லைசென்ஸில்கூட அலுவலக முகவரியைத்தான் கொடுத்திருந்தார். அதனால் கோர்ட்டிலிருந்து வந்த கடிதமும் அங்கேதான் வந்தது. கூட வண்டி ஓட்டும் நெட்டை அதைக் கொண்டுவந்து அதே வெயில் மறைப்பில் செருகினான். அவர் வீட்டுச் சட்டம் எல்லோருக்கும் தெரியும்.

“மாப்ள, கோர்ட்ல உன்ன விருந்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. போகலேன்னா அவங்களே வண்டி அனுப்பிக் கூட்டிட்டுப் போவாங்க.”

“போடா. நம்ம வண்டில ஏறினவன் எவனாவது இறங்கி வந்து புகார் குடுத்திருக்கானா?”

“ஏறினவன் குடுக்க மாட்டான். ஓட்டுறவனத்தான் புடிப்பானுங்க.”

சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அது போய்விட்டது. அந்தத் தேதியன்று அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை ஏற்றிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரில் வார் மாட்டும்போது கோர்ட் ஞாபகம் வந்தது. நாளைக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறுநாள் வேறொருவர் செத்திருந்தார். நாள் போகப் போக, அந்தக் காகிதங்களைப் பார்க்கவே கூச்சமாகிவிட்டது. சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடித்தாலும் மறைப்பைக் கீழே இறக்காமல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டினார். தினமும் மனிதர்களின் கடைசிப் பயணத்தைப் பார்க்கிறவனை ஒரு சீட்டு என்ன செய்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மகன் இப்போது அவரைவிட உயரம், அகன்ற தோள். பேச்சு வரவில்லை. மாலையானால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பான். அவர் வேலை முடிந்து வந்து, குளித்து, வீட்டுப் பழைய காரை எடுப்பார். மகன் பின் இருக்கையில் உட்கார்ந்து அவருடைய தோளில் கையை வைப்பான். ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்புவார்கள். இருவரும் ஒரு சத்தமும் போடுவதில்லை. அந்த மௌனத்தில் அவருக்கு எந்தக் குறையும் தெரிந்ததில்லை. திரும்பி வந்தால் மகன் சாப்பிடுவான், தூங்குவான். சவாரி தப்பினால் சுவரில் தலையை மோதிக்கொள்வான். தடுக்கப் போனால் கடிப்பான். மனைவியின் முழங்கையில் அந்தத் தழும்புகள் இருந்தன. சுருக்கமாகச் சொன்னால், அந்தச் சவாரியை நம்பித்தான் அந்த வீடு நின்றுகொண்டிருந்தது.

ஒரு மாலை பாலத்துக்கு முன்னால் தடுப்பு வைத்து எல்லா வண்டிகளையும் சோதித்தார்கள். வழக்கமான சோதனைதான். அவருடைய லைசென்ஸை வாங்கிய போலீஸ்காரர் கையிலிருந்த கருவியைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

“இது முடக்கி வெச்சிருக்கு, தெரியுமா? கோர்ட்டுக்கு வராததுக்குப் பிடிவாரண்டும் இருக்கு. எறங்குங்க.”

“சார், நாளைக்குக் காலைல நானே வந்துர்றேன். பையன் இருக்கான் சார்.”

“பெரிய பையன்தானே. அவர் வீட்டுக்குப் போகட்டும்.”

“அவனுக்குப் போகத் தெரியாது சார்.”

போலீஸ்காரர் அப்போதுதான் பின் இருக்கையைச் சரியாகப் பார்த்தார். குரல் தணிந்தது. காரை ஸ்டேஷனுக்குத் தானே ஓட்டிவருவதாகச் சொல்லி முன்னால் ஏறினார். அடுத்த நொடி மகன் ஒரு கத்தல் கத்திக் கண்ணாடியில் நெற்றியை மோதினான். போலீஸ்காரர் இறங்கிவிட்டார். கடைசியில் என்ஜினைப் போடாமலே ஆட்கள் பின்னாலிருந்து தள்ள, அவர் ஜன்னல் வழியாக ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். கார் நகர்ந்ததும் மகன் அடங்கிவிட்டான். நெற்றியில் ரத்தத்தோடு, அந்தத் தெரு முழுக்கச் சந்தோஷமாக வந்தான்.

மறுநாள் நீதிபதி கடுமையாக எதுவும் பேசவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

“உங்க நெலம புரியுது. இத அந்தத் தேதில வந்து சொல்லியிருந்தா அபராதத்தோட முடிஞ்சிருக்கும். வரலை. லைசென்ஸ் முடங்கின பிறகும் ஓட்டியிருக்கீங்க, அதுவும் அடுத்தவங்க குடும்பத்த ஏத்திக்கிட்டு.”

“தெரியாது சார்.”

“லெட்டர் வந்ததா, இல்லையா?”

ஒரு வருடத்துக்கு லைசென்ஸ் ரத்து. அதற்குள் ஸ்டீயரிங்கைத் தொட்டால் ஜெயில்.

அலுவலகத்தில் வண்டி கழுவும் வேலை கொடுத்தார்கள். அது பரவாயில்லை. மாலைதான் வரக் கூடாததாக வந்துகொண்டிருந்தது. மகன் செருப்பைப் போட்டுக்கொண்டு காரில் போய் உட்காருவான். அவர் முன்னால் உட்காருவார். தோளில் கை விழும். கார் நகராது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கை அழுத்தும், பிறகு உலுக்கும், பிறகு அடிக்கும். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி வாங்கிக்கொள்வார்.

நெட்டை ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்தான். “நான் ஓட்டுறேன் மாப்ள, நீ பக்கத்துல உக்காரு. பழகிடுவான்.” தெருமுனைகூடத் தாண்டவில்லை. மகன் பின்னாலிருந்து நெட்டையின் கழுத்தை வளைத்துப் பிடித்துவிட்டான். கார் ஒரு மதிலில் உரசி நின்றது. நெட்டை தொண்டையைத் தடவிக்கொண்டே, “பரவால்ல, பரவால்ல” என்றான். அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

ஒரு தடவை அவர் பொறுக்க முடியாமல் சாவியைத் திருப்பினார். மனைவி ஓடி வந்து ஜன்னல் வழியாகக் கையை விட்டு அதைப் பிடுங்கினாள்.

“நீங்களும் உள்ள போயிட்டா இவன வெச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்?”

அவர் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அவள் அங்கேயே நின்றாள்.

“அந்தச் சீட்ட வீட்டுக்குள்ள கொண்டு வந்திருந்தா நான் பாத்திருப்பேன்ல.”

யார் கொண்டுவர வேண்டாம் என்றது என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் சொல்லி முடித்ததும் தானே வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றிலிருந்து இருவரும் தேவைக்கு மட்டும் பேசினார்கள்.

மகனின் நெற்றிக் காயம் ஆறவே இல்லை. ஆறுவதற்குள் மறுபடி உடையும். ஒரு நாள் அவன் தள்ளிவிட்டதில் அவள் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட டாக்டர்தான் அந்த விடுதியைப் பற்றிச் சொன்னார். ஊருக்கு வெளியே, மதில் வைத்த இடம். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள் என்றார். கொஞ்ச நாளைக்குத்தான் என்றும் சொன்னார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று இருவருமே கேட்கவில்லை.

விடுதி வேன் காலையில் வந்தது. மகன் ஏறமாட்டான் என்று முன்பே சொல்லியிருந்ததால் ஊசியோடு வந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் கூடத்துத் தரையிலேயே தளர்ந்து தூங்கிப்போனான். கூட வந்த பணியாளர் அவனைத் தூக்கத் தெரியாமல் தூக்கப் பார்த்தார்.

“விடுங்க, தலைப் பக்கம் நான் பிடிக்கிறேன்,” என்றார் அவர். “நீங்க முட்டிக்குக் கீழ கை குடுங்க. நான் சொன்னதும் தூக்குங்க.”

குலுங்காமல் தூக்கி வேனிலிருந்து வந்த ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். வாசல்படியில் திரும்பும்போது ஸ்ட்ரெச்சர் கதவு நிலையில் இடிக்கவில்லை. வேனுக்குள் ஏற்றியதும் அவருடைய கைகள் தாமாக வாரைத் தேடி எடுத்தன. மார்புக்குக் குறுக்கே போட்டு, கொக்கியில் மாட்டி, நுனியைப் பிடித்து இழுத்தன.

“சார், அவ்வளவு இறுக்க வேணாம்,” என்றார் பணியாளர் மெதுவாக. “மூச்சு விடணும்ல.”

அவர் கையை எடுத்துவிட்டார். தளர்த்துவதற்காக மறுபடி நீட்டினார். விரல்கள் அந்தக் கொக்கியில் எந்தப் பக்கம் அழுத்தினால் வார் தளரும் என்று தெரியாமல் நின்றன. இத்தனை வருடத்தில் மயானத்தில் மொத்தமாகக் கழற்றியிருக்கிறாரே தவிர, யாருக்காகவும் அவர் ஒரு வாரையும் தளர்த்த வேண்டி வந்ததில்லை.

மனைவி கட்டுப் போட்ட கையோடு வேனுக்குள் ஏறினாள். அவரைத் தாண்டிக் குனிந்து, நல்ல கையால் கொக்கியை அழுத்தி வாரை நழுவவிட்டாள். மகனின் மார்பு ஏறி இறங்கியது. கதவைச் சாத்த வேண்டும், இறங்குங்கள் என்று பணியாளர் சொல்லும் வரை, இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.