லைன்ல நில்லுங்க

வாயாடிக்கு வேலைத் தேர்வன்று பார்த்துப் பேச்சே வரவில்லை.

ஆதரவற்ற பிள்ளைகளின் காப்பகத்தில் அந்தப் பட்டப்பெயரைச் சும்மா வைக்கவில்லை. அவள் பேச ஆரம்பித்தால் சுவரும் காதைப் பொத்திக்கொள்ளும். ஆனால் அங்கே தங்கும் வயது அவளுக்கு முடிந்துவிட்டது. மாதக் கடைசியில் கட்டிலைக் காலி செய்தாக வேண்டும். இந்தக் கால் சென்டர் வேலை கிடைத்தால் தங்க அறையும் கம்பெனியே தரும். இல்லையென்றால் பழையபடி பஸ் ஸ்டாண்டுதான்.

கம்பெனிக்காரர்கள் சனிக்கிழமைதோறும் காப்பகத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து, போனில் வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். கழுத்தில் ஹெட்போனைக் கழற்றாமல் வருகிறவள் ஹெட்போன் அக்கா. கோபக்கார வாடிக்கையாளராக நடிக்க, அவளோடு காப்பகத்தில் வளர்ந்த நெட்டையனை விட்டால் ஆள் கிடையாது.

“ஏம்மா, வேலை பாக்கறியா, குறட்டை விடறியா?” என்று எகிறுவான்.

“கொஞ்சம் லைன்ல நில்லுங்க சார்” என்பாள் வாயாடி.

கூடமே சிரிக்கும். அக்கா திருத்துவாள்.

“நில்லுங்க இல்லம்மா, லைன்ல இருங்க. அவங்க வீட்டுல சோபாவுல உக்காந்திருப்பாங்க.”

“லைன்னா நிக்கறதுதானேக்கா? உக்காந்தா இடம் போயிடுமே!”

“அடியே, இது சோத்து லைன் இல்லடி!” என்பான் நெட்டையன்.

அவளுக்குத் தெரிந்த லைன் அதுதான். சோற்றுக்கு, குளியலறைக்கு, போர்வைக்கு. எத்தனை திருத்தினாலும் நாக்கு அங்கேயே போய் நின்றது.

அன்றைக்குக் கம்பெனியில் தேர்வு. நிஜமான போன் கால். பக்கத்தில் மேனேஜர் இன்னொரு ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“வாஷிங் மெஷின் வாங்கி வீடெல்லாம் வெள்ளம்!” காதுக்குள் ஒரு பெரியவர் வெடித்தார். “கேட்டா, லைன்ல இருங்கன்னு பாட்டைப் போட்டுட்டு ஓடிடறீங்க. நீயும் அதைத்தானே சொல்லப் போற? சொல்லித் தொலை!”

“இல்லய்யா... லைன்ல நில்லுங்க.”

மேனேஜரின் புருவம் உயர்ந்தது. அக்கா தலையில் கை வைத்தாள்.

“நிக்கணுமா?”

“ஆமாங்கய்யா. உங்களுக்கு முன்னாடி யாருமில்ல. மெக்கானிக்கைக் கேட்டுட்டு ஓடி வந்துடறேன். அதுவரைக்கும் உங்க இடத்துல யாரையும் நுழைய விடமாட்டேன்.”

பெரியவர் செருமினார்.

“சரிம்மா. நிக்கறேன்.”

அவரைக் காத்திருக்க வைக்கும் ஹோல்ட் பட்டனை அழுத்தினாள். திரையில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு துடித்தது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து அவள்தான் நின்றிருக்கிறாள், ஏதேதோ கதவுகள் திறக்க. இப்போது முகம் தெரியாத ஒரு பெரிய மனிதர், அவள் வாய்வார்த்தையை நம்பி, அவள் வருவதற்காக நிற்கிறார்!

“மெக்கானிக்கைக் கூப்பிடும்மா!” என்று அக்கா கிசுகிசுத்தாள்.

கூப்பிட்டாள், கேட்டாள், திரும்பி வந்தாள். “ஐயா, இருக்கீங்களா? மத்தியானம் ஆள் வருவார். மெஷினுக்குத் தண்ணி வர்ற குழாயை மட்டும் மூடி வைங்க.”

“திரும்பி வந்துட்டியே!” என்றார் பெரியவர். குரலில் கோபத்தைக் காணோம்.

மேனேஜர் ஹெட்போனைக் கழற்றினார். “நில்லுங்கன்னு சொல்லக் கூடாது.”

“தெரியும் சார். வாய் தவறிடுச்சு.”

“மாத்திக்கலாம். திங்கட்கிழமை வேலைக்கு வந்துடுங்க.”

அக்கா பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். வாயாடியோ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அங்கே விளக்குகள் வரிசையாகத் துடித்துக்கொண்டிருந்தன.

“சார், இது ஒவ்வொண்ணும் ஒரு ஆளா?”

“ஆமா.”

“அம்மாடி! இத்தனை பேரா?” நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். “இன்னும் ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டுப் போறேன் சார்.”