எண்பது எழுபதைவிடப் பெரியது

எண்பது எழுபதைவிடப் பெரியது என்பதில் கணக்கு டீச்சருக்குச் சந்தேகமே இல்லை. ஜிம்மில் லெக் பிரஸ் மிஷினில் உட்கார்ந்து எண்பது கிலோவைக் காலால் தள்ளுகிறாள். வீட்டில் கணவர் எழுபது கிலோ. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோனவர். அவரைத் தூக்கி உட்கார வைக்க வந்துகொண்டிருந்த ஆள் இந்த வாரத்தோடு நின்றுவிட்டான். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அவளே தனியாக மாற்றிவிட்டால் அவர் வீட்டில் இருக்கலாம். முடியாவிட்டால் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹோம்தான். நாத்தனார் இடம்கூடப் பார்த்துவிட்டாள்.

சேர்ந்த அன்றே ஜிம் மாஸ்டர் சொல்லியிருந்தார். "அக்கா, கம்பி, டம்பெல்ஸ் பக்கம் போகாதீங்க. கால்ல போட்டுக்கிட்டா வம்பு. மிஷின்ல ஊசியை மாத்திச் சொருகுங்க, அவ்வளவுதான்."

"எனக்கு அடிபட்டா வீட்ல ரெண்டு பேரும் படுக்கைதான்," என்று அவளும் மிஷினையே பிடித்துக்கொண்டாள்.

அந்த மிஷின் அழகான ஏற்பாடு. இரும்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். எந்தத் தகட்டின் துளையில் ஊசியைச் செருகுகிறோமோ, அதுவும் அதற்கு மேலே உள்ளவையும் மட்டும் எழும். இரண்டு கம்பிகளில் வழுக்கியபடி நேராக ஏறும், நேராக இறங்கும். சாய வழியே கிடையாது. முதுகை ஒரு மெத்தை தாங்கிக்கொள்ளும். கால் தள்ளினால் போதும், மற்ற உறுப்புகள் சும்மா இருக்கலாம். டீச்சரின் இடுப்பும் முதுகும் இத்தனை மாதமாக வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தன.

ஞாயிறு மதியம் கணவரின் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து, "மூணு சொன்னதும் எந்திரிங்க," என்றாள். அவரும் எழுந்துவிட்டார். அதுவரை அவள் கணக்கு சரி. நின்றதும் அவர் வலப்பக்கம் சாய்ந்தார். சாய்கிற எடையை மேலே தள்ளி என்ன பயன்? பக்கவாட்டில் இழுத்து நிறுத்த வேண்டும். இழுக்க அவள் இடுப்பில் பலம் இல்லை.

கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே இருந்த இடுக்கில் அவள் மல்லாந்து விழுந்தாள். அவர் அவள்மேல்.

"அடிபட்டுச்சாங்க?"

"எனக்கென்ன, மெத்தைமேல விழுந்திருக்கேன். உனக்கு?"

"சிரிப்பு காட்டாதீங்க, மூச்சு முட்டுது."

"எண்பது தள்ளுவேன்னியே டீச்சர்?"

"தள்ளுவேன். உங்களுக்கு ரெண்டு பக்கமும் கம்பி இல்லையே!"

இடுக்கு ஒரு ஆள் அகலம். இடது கை அவருக்கு அடியில் மாட்டியிருந்தது. வலது கையால் பீரோவைத் தள்ளினாள், அது அசையவில்லை. உடம்பிலேயே பலமான கால்கள் நீட்டியபடி கிடந்தன. கால் தள்ளவேண்டுமென்றால் முதலில் முழங்கால் மடங்க வேண்டும். மடக்க இடமில்லை. அவர் மூச்சு விடும்போது கிடைக்கிற சின்ன இடைவெளியில் அவள் மூச்சு வாங்கினாள். போன் நாற்காலியில் இருந்தது.

"தங்கச்சி வர்ற நேரம்தான்," என்றார் அவர். "அவகிட்ட சாவி இருக்கு."

நாத்தனார் வந்தால்தான் எழ முடியும். அவள் வந்து பார்த்தால் ஹோம்தான்.

பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது.

"ஐயோ அண்ணி! என்ன கோலம் இது?"

"கத்தாதே. வந்து உங்க அண்ணன் பெல்ட்டைப் பிடி."

நாத்தனார் மேலிருந்து இழுக்க, டீச்சர் கீழிருந்து முட்டுக்கொடுக்க, ஒருவழியாக அவரை நாற்காலியில் சேர்த்தார்கள். நாத்தனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டீங்களா? நாளைக்கே ஹோம்ல பேசறேன்."

"ரெண்டு மாசம் குடு. இனி மிஷினைத் தொடமாட்டேன். மணல் மூட்டையைக் கட்டிப்பிடிச்சுத் தூக்கிப் பழகறேன். அதுவும் இவரை மாதிரிதான், ஒரு பக்கமா இழுக்கும்."

"என்னை மூட்டைங்கறா பாரு," என்றார் அவர்.

"எத்தனை கிலோ மூட்டை?" என்றாள் நாத்தனார்.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். "முதல்ல பத்துதான் வரும்."

"பத்துலேர்ந்து எழுபதா! அதுவரைக்கும் இவரை யாரு தூக்கறது?"

கேட்டு முடித்த பிறகுதான் நாத்தனாருக்குத் தன் கேள்வி உறைத்தது. அவள் வீடு அடுத்த தெருவில்தான். டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனும் பார்த்தார். அவள் வாசலைப் பார்த்தாள். வழியை அடைத்துக்கொண்டு நாற்காலி நின்றது.

"காலைல எத்தனை மணிக்கு?" என்று முணுமுணுத்தாள். "ரெண்டே மாசம், சொல்லிட்டேன்."