அந்தப் பக்கம் படி இல்லை

மகளின் உள்ளங்கையில் சிராய்ப்பு. கால்சட்டை முழங்காலில் சிமெண்டுத் தூள்.

"விளையாடும்போது விழுந்துட்டேம்மா."

அம்மா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். எலும்பை உடைத்துக்கொண்டு வரும் பிள்ளைகள் எல்லோரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

அவளுக்குச் சந்தேகம் குருவி மேல். மகளின் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒல்லிப் பெண். உள்ளே கூப்பிட்டாலும் வராமல் வாசலிலேயே நிற்பாள். 'ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துக்கிட்டு எம் பொண்ணைக் கெடுக்குது' என்று அம்மா மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் குருவி வந்து நின்றாள். "அவ வீட்ல படிக்கப் போறோம்" என்று கிளம்பிய மகளின் கையில் ஒரு புத்தகம்கூட இல்லை. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

பாதி கட்டி நின்ற அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்குள் இருவரும் நுழைந்தார்கள். காவலாளி நாற்காலியில் தூங்கி வழிந்துகொண்டிருந்தான். அம்மா சத்தமில்லாமல் முதல் மாடிக்கு ஏறினாள். அங்கே வகுப்புப் பட்டாளம் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி, "குதி! குதி!" என்று கத்திக்கொண்டிருந்தது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இடைவெளி. கீழே இரும்புக் கம்பிகள் குத்திட்டு நின்றன. விளிம்பில் நின்று அழுதுகொண்டிருந்தவள் குருவி. எதிர்க் கட்டடத்தில் இடுப்பில் கை வைத்துச் சிரித்தவள் மகள்.

"வாடி, பயந்தாங்கொள்ளி! நான் எத்தனை தடவை தாண்டிட்டேன்!"

கத்தினால் குருவி தடுமாறிவிடுவாளோ என்று அம்மா வாயை மூடிக்கொண்டு மெல்லப் போய், அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். பட்டாளம் எடுத்தது ஓட்டம்.

"படி வழியா இறங்கி வா," என்றாள் மகளிடம்.

"இந்தப் பக்கம் படி இன்னும் கட்டலைம்மா. தாண்டித்தான் வரணும்."

சொல்லிவிட்டு விளிம்புக்கு வந்தாள். பழக்கப்பட்ட தாவல்தான். ஆனால் கத்த இப்போது யாரும் இல்லை. கீழே பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"முடியலம்மா. பயமா இருக்கு."

அம்மா குருவியோடு கீழே இறங்கிப் போய்க் காவலாளியை எழுப்பினாள். அவன் ஏணி கொண்டுவந்து எதிர்க் கட்டடத்தின் வெளிப்பக்கமாகச் சாத்தினான். ஒவ்வொரு கம்பாகத் தடவித் தடவி அவள் இறங்கி முடிக்கும்வரை அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"யாருடி குதிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க... அவ்வளவுதான்."

அம்மா குருவியிடம் திரும்பினாள். "நீ ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா அப்புறம் என்னோட யாரும் பேச மாட்டாங்க ஆன்ட்டி."

அந்தப் பெண்ணை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று அம்மாவுக்குக் கூசியது. அவள் கையை விடாமல் வீடுவரை கூட்டிவந்து, உள்ளே உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னாள்.

அதன்பிறகு மகள் வெளியே கிளம்பும்போதெல்லாம் அம்மாவின் கண் வாசலில் நிற்கும் தோழியிடம் போவதில்லை. மகளின் முகத்தைத்தான் பார்க்கும்.